ஒரே கதையா, இரண்டு கதைகளா?

எல்லையின் இருபுறத்து வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து ஒரு பாடநூல் எழுத உட்கார்ந்தால், முதல் தகராறே அதன் வடிவத்தில்தான் வரும்.

பிரான்சும் ஜெர்மனியும் ஒரே நூல் என்ற வழியில் போயின. 2003இல் இரு நாட்டு இளைஞர்கள் பெர்லினில் கூடி வைத்த கோரிக்கை அது. 2006, 2008, 2011 என மூன்று தொகுதிகள் வந்தன. ஜெர்மனியில் கிளெட், பிரான்சில் நத்தான் வெளியிட்டன. மொழிதான் வேறு, உள்ளடக்கம் ஒன்றே. கருத்து ஒத்துப்போகாத இடங்களில் இரு பார்வைகளையும் தனியே கொடுத்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பிரான்சில் நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம். ஜெர்மனியில் 16 மாநிலங்களும் தனித்தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கின்றன.

இஸ்ரேல், பாலஸ்தீன ஆசிரியர்கள் எடுத்தது நேரெதிர் வழி. இஸ்ரேலின் டான் பார்-ஓன், பாலஸ்தீனத்தின் சமி அத்வான் இருவரும் முன்னின்ற இந்த முயற்சியில், ஒவ்வொரு பக்கமும் அருகருகே மூன்று பத்திகளாகப் பிரிந்தது. 1948இல் நடந்த போர் இஸ்ரேலியப் பத்தியில் சுதந்திரப் போர், பாலஸ்தீனப் பத்தியில் நக்பா, அதாவது பேரழிவு. நடுவில் வெற்றிடம், மாணவர் தாமே எழுதிக்கொள்ள.

எனக்குப் பிடித்தது அந்த வெற்றிடம்தான். ஒரே நூலுக்கு முதலில் சமாதானம் வேண்டும்: பிரான்ஸ்-ஜெர்மனி நட்புறவு ஒப்பந்தம் 1963இல் கையெழுத்தானது, முதல் தொகுதி வர 43 ஆண்டுகள் ஆயின. இரட்டைக் கதையைச் சண்டை நடக்கும்போதே எழுத முடிந்தது. ஆனால் அதை வகுப்பறைக்குள் கொண்டுபோக இரு தரப்புக் கல்வித் துறைகளுக்கும் மனம் வரவில்லை.