லெகோவின் சிங்கக் கோட்டை: 4514 துண்டுகள், மூன்று வாரம், ஒரு மாவு ஆலை

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கோட்டையைக் காட்டும்போது நான் முன்வாசலைக் காட்டுவதில்லை. மேஜையைச் சுற்றி அழைத்துப்போய் முதலில் நீர்ச்சக்கரத்தைக் காட்டுகிறேன். விரலால் தள்ளினால் சுற்றும், பக்கத்திலேயே மாவு ஆலை. கோட்டை என்றால் வாளும் வில்லும் என்று நினைத்து வருகிறவர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிடுகிறார்கள். பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திக் கட்டும் லெகோ பொம்மை வரிசையில் வந்த லயன் நைட்ஸ் காஸில் (எண் 10305) எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணமும் அந்தச் சக்கரம்தான். இதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அரைக்கிறார்கள், சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள். சண்டை அதற்கு அப்புறம்தான்.

விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லெகோ நிறுவனத்தின் 90ஆம் ஆண்டையொட்டி 2022இல் வந்தது. 4514 துண்டுகள், 22 மினிஃபிகர்கள், அதாவது விரல் உயரச் சின்ன மனிதப் பொம்மைகள். மூடி வைத்தால் சுமார் 44 செ.மீ. அகலம், 33 செ.மீ. ஆழம், 37 செ.மீ. உயரம். பெட்டியில் 18+ என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் வெளியானபோது விலை 399.99 டாலர், அதாவது ஒரு துண்டுக்கு 9 சென்ட் அளவில் வருகிறது. ஒரு துண்டுக்கு 10 சென்ட் என்பதுதான் லெகோ வாங்குகிறவர்கள் மனக்கணக்காக வைத்திருக்கும் அளவு, அதன்படி பார்த்தால் இது மோசமில்லை. ஆனால் 400 டாலர் 400 டாலர்தான், அதை மறைத்துப் பேச முடியாது. நான் இரண்டு தீபாவளி போனஸைச் சேர்த்து வைத்து, அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொன்னேன். பெட்டி அவன் சூட்கேஸில் அடங்காது என்பதால் அட்டையைத் தட்டையாக மடித்து, எண் போட்ட பைகளைத் துணிகளுக்கு நடுவே அடுக்கிக் கொண்டுவந்தான். நீங்களும் இப்படிக் கொண்டுவரச் சொல்வதாக இருந்தால் ஒரு விஷயம்: வழிகாட்டிப் புத்தகங்களைச் சட்டைக்கு நடுவில் வைக்காமல் லேப்டாப் பையில் வைக்கச் சொல்லுங்கள், எங்களுடையது ஓரம் மடங்கிவிட்டது. புத்தகம் கெட்டுப்போனாலும் பயமில்லை, லெகோ தளத்தில் அதன் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும்.

கட்டியது நானும் பதினொரு வயது மகளும். மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு மணி நேரம், ஞாயிறு என்றால் மூன்று மணி நேரம், மொத்தம் மூன்று வாரம் ஆயிற்று. துண்டுகளைப் பிரித்து வைக்கப் பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாம் வாங்க வேண்டாம், அம்மாவின் முறத்தை எடுத்துக்கொண்டோம். இதைவிட நல்ல சாதனம் இந்த வேலைக்கு இல்லை: மூன்று பக்கம் விளிம்பு இருப்பதால் துண்டு உருண்டு ஓடாது, தேடும்போது லேசாக ஆட்டினால் சின்னதெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கும், ஒரு பை முடிந்ததும் மிச்சத்தை அப்படியே கிண்ணத்தில் சாய்த்துவிடலாம். வெளிச்சம் மட்டும் நன்றாக இருக்கட்டும். எங்கள் கூடத்தில் மஞ்சள் விளக்கு, அதில் வெளிர் சாம்பலும் அடர் சாம்பலும் ஒன்றுபோலத் தெரிந்து இரண்டாம் நாள் ஒரு சுவரையே பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. மறுநாளே வெள்ளை விளக்கு மாற்றினோம்.

அந்தச் சாம்பல் நிறத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நாலாயிரம் துண்டில் பெரும்பங்கு சாம்பல் என்றால் கட்டுவதற்கு அலுப்பாக இருக்குமே என்று வாங்கும் முன் நானும் யோசித்தேன். அலுக்கவில்லை. சுவரை ஒரே மாதிரி மட்டக் கட்டைகளால் எழுப்பாமல், நடுநடுவே முகத்தில் கல்வரி போட்ட சின்னக் கட்டைகளைச் செருகுகிறார்கள், அங்கங்கே நிறம் மாறுகிறது, ஓர் இடத்தில் சுவர் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது, இன்னோர் இடத்தில் உள்ளே வாங்குகிறது. சில இடங்களில் கட்டையின் தலையில் இருக்கும் குமிழ்கள் மேல் நோக்கி இல்லாமல் பக்கவாட்டில் பார்க்கும்படி கட்டை திரும்பி நிற்கிறது. லெகோ கட்டைக்கு உயரம் 9.6 மில்லிமீட்டர், ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். இரண்டும் சமமில்லை என்பதால் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பும்போது கணக்கு உதைக்கும். 3.2 மில்லிமீட்டர் தகடுகளை நடுவில் வைத்து அந்தக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள், ஐந்து தகடு அடுக்கினால் 16 மில்லிமீட்டர், இரண்டு குமிழ் அகலத்துக்குச் சரியாக வந்துவிடும். இதை மகளுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது அவள் ஸ்கேல் எடுத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். வகுத்தலும் பின்னமும் இப்படிக் கையில் வந்து உட்காருவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மதில் உச்சியில் பல் பல்லாக நிற்கிறதே, அதற்குச் சங்கப் பாடல்களில் ஞாயில் என்று பெயர். வீரன் மேட்டுக்குப் பின் ஒளிந்து, பள்ளத்தின் வழியே அம்பு விட வேண்டும். மினிஃபிகரை அங்கே நிறுத்திப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

சாம்பல் பற்றி இன்னொன்றும் இருக்கிறது. நிஜமான கோட்டைகள் எல்லாம் இப்படிச் சாம்பலாக இருந்தன என்று நாம் நினைப்பது, இன்று மிஞ்சி நிற்கும் மொட்டைக் கற்சுவர்களைப் பார்த்துப் பழகியதால். பல கோட்டைகளுக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். லண்டன் கோபுரத்தின் நடுக் கட்டடத்துக்கு வெள்ளைக் கோபுரம் என்ற பெயர் வந்ததே 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி வெள்ளையடிக்கச் செய்ததால்தான். இது தெரிந்த பிறகு 1978இல் லெகோ வெளியிட்ட முதல் பெரிய கோட்டை, மஞ்சள் கோட்டை என்று ரசிகர்கள் செல்லமாகச் சொல்லும் 375ஆம் எண், எனக்கு விநோதமாகத் தெரியவில்லை. அது 767 துண்டு, 14 வீரர்கள். கை கால் அசையும் மினிஃபிகர் வந்ததும் அதே 1978இல்தான். புதிய கோட்டையை அந்தப் பழைய கோட்டையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் கீல் வைத்துத் திறக்கும் கோட்டைகள். மூடினால் நாலு பக்கமும் சுவர், திறந்தால் உள்ளே அறைகள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பொம்மைக் கோட்டை ஒன்று வெறும் முகப்பாக நிற்கும், இல்லாவிட்டால் கை நுழையாத பெட்டியாகிவிடும்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? கூடம், சமையலறை, அரசியின் அறை, ஆயுதச் சாலை, சிறை. ஆமாம், ஆள்வது ஓர் அரசி. மகள் பெட்டிப் படத்தில் முதலில் கவனித்ததும் அதுதான். சிறையிலிருந்து தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கோட்டையின் அடியிலேயே காட்டுக்காரர்களுக்கு ஒரு மறைவிடமும் இருக்கிறது, அதை எங்கே, எப்படி என்று இங்கே சொல்ல மாட்டேன், கட்டும்போது நீங்களே கண்டுபிடிக்கும் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை. தூக்குப்பாலமும் வாசலில் மேலிருந்து இறங்கும் கம்பிக்கதவும் நிஜமாகவே ஏறி இறங்கும். அறைகள் குறுகல்தான், பெரியவர்கள் விரல் உள்ளே போய்ப் பொம்மையை நிறுத்தச் சிரமப்படும், பதினொரு வயது விரலுக்குச் சரியாக இருக்கிறது. நிஜக் கோட்டைகளில் சுவரின் தடிமனே இடத்தைத் தின்றுவிடும் என்பதால் எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

மாவு ஆலைக்கு வருகிறேன். இது அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. இடைக்கால இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் பல ஊர்களில், குடியானவர்கள் தங்கள் தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. வீட்டில் கையால் திருகை சுற்றி அரைத்துக்கொண்டால் அபராதம். அரைத்ததில் ஒரு பங்கு பிரபுவுக்குக் கூலியாகப் போகும். அதாவது மதிலும் அகழியும் எந்த வருமானத்தில் நின்றனவோ அதில் இந்தச் சக்கரத்துக்கும் பங்கு உண்டு. வடிவமைத்தவர்கள் ஆலையைக் கோட்டையோடு ஒட்ட வைத்திருப்பதைப் பார்த்தால் அந்த உறவு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. மகளிடம் இதைச் சொன்னேன், அவள் உடனே, "அப்படின்னா இந்த மாவு மூட்டை யாரோடது அப்பா?" என்று கேட்டாள். அன்று கட்டுவதை நிறுத்திவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

வீரர்களைப் பற்றி: 1980களிலும் 90களிலும் லெகோ கோட்டை வைத்து விளையாடியவர்களுக்கு இது ஒரு ஊர்த் திருவிழா மாதிரி. பழைய லெகோ கோட்டைப் பெட்டிகளில் வந்த அணிகளில் சிங்கக் கேடயக்காரர்களும் கருப்புப் பருந்துக்காரர்களும் 1984 கூட்டம், காட்டுக்காரர்கள் 1987, ஓநாய்க் கொள்ளைக்காரர்கள் 1992, அப்புறம் வெள்ளைத் தாடி மந்திரவாதி, அவர் 1993இல் வந்த மஜிஸ்டோ என்ற லெகோ மந்திரவாதியின் சாயல். எல்லாரும் இந்த ஒரே பெட்டியில் தலைகாட்டுகிறார்கள். எனக்குச் சின்ன வயதில் இது எதுவும் கிடைத்ததில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே ஒரு குதிரை வீரனை, அதுவும் அவர் முன்னால் உட்கார்ந்து, தொட்டுப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெட்டியில் குதிரையைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் எடுத்து வைத்தேன்.

யார் வாங்கலாம், யார் வேண்டாம் என்று கேட்டால்: எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பதற்காக என்றால் இது வேண்டாம். அதற்கு 2021இல் வந்த மெடீவல் காஸில், எண் 31120, நல்ல தேர்வு. 1426 துண்டு, அதே துண்டுகளால் கோட்டை, கோபுரம், சந்தை என்று மூன்று விதமாகக் கட்டலாம், டிராகன் உண்டு, வெளியானபோது அமெரிக்க விலை 99.99 டாலர். பிரித்துப் போட்டு மறுபடி கட்டும் வயதுக்கு அதுதான் சரி. பெரியவர்கள் நிதானமாகக் கட்ட, அல்லது பத்து வயதுக்கு மேற்பட்ட பொறுமையுள்ள பிள்ளையோடு சேர்ந்து கட்ட, லயன் நைட்ஸ் காஸில் கொடுத்த காசுக்குத் தகும். இரண்டு பேர் கட்டுவதாக இருந்தால் ஒருவர் துண்டு தேட, ஒருவர் பொருத்த, பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தேடுகிறவர் சலித்துப்போவார்.

ஒரே நாளில் கட்டி முடிக்கும் ஆசையோடு உட்காராதீர்கள். பிரான்ஸில் பர்கண்டிப் பகுதியில் கேடெலோன் என்ற இடத்தில் 13ஆம் நூற்றாண்டு முறைப்படி, அந்தக் காலக் கருவிகளை மட்டும் வைத்து ஒரு நிஜக் கோட்டையைக் கட்டுகிறார்கள். 1997இல் தொடங்கினார்கள். கல்லை அங்கேயே வெட்டி, மனிதர் உள்ளே நடந்து சுற்றும் மரச் சக்கரத்தால் மேலே ஏற்றுகிறார்கள். நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வாரங்களில் அதன் படங்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது, வளைவு கட்டும் பக்கம் வந்தபோது அங்கே வளைவுக்கு மரச்சட்டம் கொடுத்துக் கல் அடுக்குவதைப் பார்த்துவிட்டு வந்து நாங்கள் ஒற்றை வளைவுத் துண்டைப் பட்டென்று பொருத்தினோம்.

கட்டிய பிறகு எங்கே வைப்பது என்பதை வாங்கும் முன்பே யோசியுங்கள். மூடினால் 44 செ.மீ. என்றாலும் திறந்து வைக்க ஏறத்தாழ இரு மடங்கு அகலம் வேண்டும், சாதாரணப் புத்தக அலமாரியில் அடங்காது. ஜன்னல் வெயில் நேராகப் படும் இடம் வேண்டாம், இந்தப் பிளாஸ்டிக் நாள்பட்ட வெயிலில் மஞ்சளாகும், சாம்பல் சுவரில் அது அசிங்கமாகத் தெரியும். தூசிக்கு ஈரத்துணி உதவாது, ஞாயில் இடுக்குகளில் நூல் மாட்டிக்கொள்ளும். மென்மையான பெயிண்ட் பிரஷ் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துவிட்டோம், வாரம் ஒருமுறை பத்து நிமிட வேலை.

அடுத்து 2024இல் வந்த மெடீவல் டவுன் ஸ்கொயர், எண் 10332, 3304 துண்டு, இந்தக் கோட்டைக்குப் பக்கத்தில் வைக்கப் பொருத்தமான ஊர். அதற்கு உண்டியல் வைத்தாயிற்று, எப்போது நிறையும் என்று பார்க்க வேண்டும்.

தூசி தட்டுவது மகளின் பொறுப்பு. தட்டும்போது ஆட்களை இடம் மாற்றிவிடுகிறாள். போன ஞாயிறு நான் கீலைத் திறந்து பார்த்தபோது சிறை காலியாக இருந்தது, மதிலில் ஒரே ஒரு காவல்காரன், அரசி மாவு ஆலையில் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.