‘முதல் வகுப்பு’ சோவியத் பார்ட்டிசான் பதக்கம் வாங்குகிறீர்களா? கவனம்

‘தேசபக்தப் போரின் பார்ட்டிசானுக்கு’ பதக்கம், முதல் வகுப்பு, அசல் வெள்ளி என்று விளம்பரம் கண்ணில் பட்டால் உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். எனக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் போய்விட்டது.

ஜெர்மன் படைகள் பிடித்துவைத்திருந்த சோவியத் பகுதிகளில், காடுகளில் பதுங்கி ரயில் பாதைகளைத் தகர்த்த ‘பார்ட்டிசான்’ என்ற கொரில்லாக்களுக்காக 1943 பிப்ரவரி 2 அன்று உருவாக்கப்பட்ட பதக்கம் இது. லெனின், ஸ்டாலின் முகங்கள், பின்பக்க வாசகம், 32 மி.மீ. விட்டம் எல்லாம் இரண்டு வகுப்புக்கும் ஒன்றுதான். முதல் வகுப்பு வெள்ளி, இரண்டாவது பித்தளை. வெளிர்பச்சை நாடாவின் நடுக்கோடு முதலாவதில் சிவப்பு, மற்றதில் நீலம். மோசடிக்கு இதைவிட வசதி வேண்டுமா? பித்தளைக்கு முலாம் பூசி நாடாவை மாற்றினால் வேலை முடிந்தது.

எனக்கு வந்ததும் அதுதான். வளையம் உரசும் இடத்தில் மஞ்சள் தெரிந்தது. தெரிந்த ஆசாரி விளிம்பை உரைத்துப் பார்த்துவிட்டு, “உள்ளே பித்தளைதான் சார்” என்றார். விற்றவரோ, “அந்தக் காலத்து வெள்ளி அப்படித்தான் மஞ்சளடிக்கும்” என்கிறார்! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

பணத்தைவிட எரிச்சல் வேறு. உள்ளே இருப்பது அசல் இரண்டாம் வகுப்பு என்றால், யாரோ ஒருவர் சண்டையில் வாங்கிய பதக்கத்தை முலாம் பூசிக் கெடுத்திருக்கிறார்கள். அது ஒன்றும் மட்டமான பதக்கம் இல்லை.

காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை. வெள்ளியும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. தொங்கும் பட்டையைக் கழற்றிவிட்டு வட்டத்தை மட்டும் எடை போடுங்கள். அப்புறம் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். முதல் எடையை, தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அந்த அளவால் வகுத்தால் வெள்ளிக்குப் பத்துக்கு மேல் வரும். பித்தளை எட்டரை பக்கம் நின்றுவிடும்.

விளம்பரத்தில் ‘சீரியல் நம்பருடன்’ என்று வேறு போட்டிருந்தார். இந்தப் பதக்கத்துக்கு வரிசை எண்ணே கிடையாது. ‘ரஷ்யாவிலிருந்து முறைப்படி வாங்கியது’ என்பதையும் நம்பாதீர்கள், அங்கே சோவியத் அரசுப் பதக்கங்களை விற்பதே குற்றம்.

அதே ஆள் இப்போது வேறு பெயரில், அதே படங்களோடு இன்னொன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். விலை இருபத்திரண்டாயிரம். கேட்பதாக இருந்தால் வளையத்தை விலக்கி, அந்த இடத்தை நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.