கடன் நோட்டில் ஒரு கார்சோம்ப்: போக்கிமான் பிரில்லியன்ட் டைமண்ட்

எங்கள் மளிகைக் கடையின் கடன் நோட்டில் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பிரிடூம்ப் 61, ரோஸ்ரேட் 60, காஸ்ட்ரோடான் 60, லூகாரியோ 63, மிலோடிக் 63, கார்சோம்ப் 66. நோட்டைப் புரட்டிய என் மனைவி, "யாருங்க இந்தக் கார்சோம்ப்? எந்தத் தெரு? அறுபத்தாறு ரூபா நிக்குதே" என்று கேட்டாள்.

ரூபாய் இல்லை, லெவல். நிண்டெண்டோ ஸ்விட்சில் நானும் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் ஆடும் போக்கிமான் பிரில்லியன்ட் டைமண்டில் கடைசியாக வரும் சாம்பியன் சிந்தியாவின் ஆறு போக்கிமான்கள், அதாவது பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் பிராணிகள், அவை. சிந்தியாவிடம் இரண்டு முறை தோற்ற பிறகுதான் நோட்டில் எழுதி வைக்கும் நிலைமை வந்தது.

2006இல் ஜப்பானில் வெளிவந்த டைமண்ட் ஆட்டத்தை ஐஎல்சிஏ என்ற நிறுவனம் மறுபடி செய்து 2021 நவம்பரில் வந்த பதிப்பு இது. ஹொக்கைடோ தீவை வைத்து வரைந்த சின்னோ என்ற நிலப்பகுதியில் கதை நடக்கிறது. வடக்கே போனால் முழங்கால் வரை பனி. படம் பொம்மை பொம்மையாக இருக்கும். என் மகளுக்கு அது பிடித்தது, எனக்குப் பரவாயில்லை. பழைய ஆட்டத்தில் மரம் வெட்டவும் பாறை உடைக்கவும் ஒரு போக்கிமானைக் கூலிக்கு வைத்திருப்பதுபோல் அணியில் சுமக்க வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை, கையில் கட்டிய போக்கெட்ச் கடிகாரமே ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளும். ஆறு இடமும் நமக்கே. இதை முதலில் பாராட்டிவிடுகிறேன், ஏனென்றால் குறை நிறைய வருகிறது.

வழியில் ஒவ்வொரு தலைவரோடு மோத வேண்டிய எட்டு ஜிம்மும் வெண்ணெயில் கத்தி போனது போல முடிந்தன. சண்டையில் இறங்காத போக்கிமானுக்கும் அனுபவப் புள்ளி பங்கு போகிறது, அதை நிறுத்த வழியே கிடையாது. அதனால் யாரையும் தனியாக வளர்க்க வேண்டியதில்லை. எந்த வகை எதை அடிக்கும் என்று யோசிக்காமல், மகளின் இன்ஃபர்னேப்பை முன்னால் விட்டு நெருப்பைக் கக்கச் சொன்னால் போதும். அப்படியே இருபத்தைந்து மணி நேரம் போய்விட்டது. அப்புறம் கடைசிப் போட்டியான போக்கிமான் லீக்.

அங்கே எலைட் ஃபோர் என்று நால்வர், கடைசியில் சிந்தியா. நடுவில் ஓடிப்போய்க் குணப்படுத்திக்கொள்ள முடியாது. கீழே உள்ள கடையில் ஒன்று 3000 என்று ஃபுல் ரெஸ்டோர் மருந்தை மூட்டை கட்டிக்கொண்டு ஏற வேண்டும். நால்வரில் ஃபிளின்ட் என்பவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நெருப்பு வல்லுநராம். ஐந்து போக்கிமானில் நெருப்பு இரண்டே இரண்டு. மற்றவை இரும்புப் பாம்பு, பலூன், முயல்! பழைய டைமண்டில் நெருப்பு வகைக்குப் பஞ்சம், அதனால் அன்று அப்படி. 2008இல் வந்த பிளாட்டினம் பதிப்பிலேயே அதைச் சரிசெய்துவிட்டார்கள். அந்தத் திருத்தத்தை எடுக்காமல் பழைய ஓட்டையை அப்படியே பூசி விற்கிறார்கள்.

சிந்தியாவின் அறையில் முதலில் ஒரு பியானோ கேட்கும். அந்த இசை வந்தாலே இப்போதும் மகள் தலையணையைக் கட்டிக்கொள்கிறாள்.

முதல் தடவை லூகாரியோவைப் பார்க்கும் முன்பே ஆறும் விழுந்தன. இரண்டாம் தடவை கொஞ்சம் லெவல் ஏற்றிக்கொண்டு போனோம், கார்சோம்ப் வரை வந்து விழுந்தோம். அங்கேதான் எனக்கு உறைத்தது. இன்ஃபர்னேப்பின் அடிப்படை வேகம் 108, கார்சோம்ப்புக்கு 102. ஆனாலும் கார்சோம்ப் முந்திக்கொண்டு எர்த்குவேக் என்ற மண் வகை அடியை அடித்தது. லெவல் வித்தியாசம் ஒரு காரணம். இன்னொன்று, போக்கிமானுக்குப் பிறவியிலேயே ஒரு மறைவான எண் உண்டு, அதிகபட்சம் 31. பயிற்சியால் சேரும் புள்ளி மொத்தம் 510 வரை. சிந்தியா இரண்டையும் நிரப்பி வைத்திருக்கிறாள். நாங்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் மலையேறி வந்திருக்கிறோம். என் பெரிய குறை இதுதான். கடைசி எதிரி கஷ்டமாக இருப்பது தப்பே இல்லை. ஆனால் வழிநெடுகப் பாடமே நடத்தாமல் நேரே பொதுத்தேர்வில் உட்கார வைத்தால் எப்படி?

சரி, நோட்டை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஸ்விட்சை அணைத்துவிட்டு அந்த நோட்டோடு உட்கார்ந்த இரண்டு இரவுகள்தான்.

ஸ்பிரிடூம்ப் பேயும் இருளும் கலந்தது. 2006இல் அதற்குப் பலவீனம் என்று எதுவுமே கிடையாது. ஃபேரி வகை பின்னால் வந்ததால் இப்போது ஒன்று உண்டு. ஆகவே ஃபேரி வகைக் கிளஃபேபிள், அதன் மூன்பிளாஸ்ட் அடி. காஸ்ட்ரோடானுக்குப் புல் வகை அடி நான்கு மடங்கு. ரோஸ்ரேடையும் லூகாரியோவையும் இன்ஃபர்னேப் பார்த்துக்கொள்ளும், லூகாரியோ நாஸ்டி பிளாட் போட்டுத் தாக்கும் பலத்தை ஏற்றிக்கொள்வதற்குள் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிலோடிக் வேறு கதை. ஃபிளேம் ஆர்ப் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு தன் மேலேயே தீ வைத்துக்கொள்கிறது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "லூசாப்பா அது?" லூசு இல்லை. உடம்புக்கு ஏதாவது ஆனால் தற்காப்பு ஒன்றரை மடங்கு ஆகும் குணம் அதற்கு. அதனால்தான் எங்கள் லக்ஸ்ரே நீர் வகைக்கு ஆகாத மின்சாரமாக இருந்தும் கடித்துக் கடித்துப் பல் வலித்ததுதான் மிச்சம். அந்தக் குணம் தடுப்பது நேரடி அடியை மட்டும், தூரத்திலிருந்து வரும் சிறப்பு அடி வழக்கம்போல் இறங்கும். லக்ஸ்ரேயை எடுத்துவிட்டு, எனர்ஜி பால் என்ற புல் வகைச் சிறப்பு அடி கற்ற எங்கள் ரோஸ்ரேடைச் சேர்த்தேன். லக்ஸ்ரே பெட்டிக்குள் போன அன்று மகள் என்னோடு பேசவில்லை. எனர்ஜி பால் கற்றுத்தரும் டிஎம் என்ற பொருளும் ஒருமுறை போட்டால் காலி, யாருக்கு என்று பத்து முறை யோசிக்க வேண்டியிருந்தது.

மிச்சம் அந்த 66. டிராகனும் மண்ணும் கலந்த கார்சோம்ப்புக்கு ஐஸ் அடி நான்கு மடங்கு. அது சிந்தியாவுக்கும் தெரியும், யாச்சே பெர்ரியைக் கையில் கொடுத்திருக்கிறாள். முதல் ஐஸ் அடி பாதியாகிவிடும். ஃபேரியை இறக்கலாம் என்றால் பாய்சன் ஜாப் என்ற விஷ அடி தயாராக இருக்கிறது. ஆனால் பெர்ரி ஒருமுறைக்குத்தான். ஆக இரண்டு ஆள் வேலை. முதலில் கியாரடாஸ். இறங்கும்போதே மிரட்டி எதிரியின் தாக்கும் பலத்தைக் குறைக்கும், பறக்கும் வகை என்பதால் எர்த்குவேக் அதைத் தொடாது. ஐஸ் ஃபாங்கால் கடித்துப் பெர்ரியைத் தின்ன வைத்துவிட்டுச் சாகட்டும். அடுத்தது 217ஆம் பாதையின் பனியில் பிடித்து வளர்த்த அபோமாஸ்னோ. அது மந்தம்தான், ஆனால் அதன் ஐஸ் ஷார்ட் என்ற அடி எந்த வேகத்தையும் முந்தும். மகள் அதற்கு வைத்த பெயர் பஞ்சுமிட்டாய்.

மூன்றாம் தடவை கியாரடாஸைத் தவறி முன்பே இறக்கி வீணாக்கினேன். நான்காம் தடவை நோட்டில் எழுதியபடியே நடந்தது. பெர்ரி போயிற்று, கியாரடாஸ் போயிற்று. பஞ்சுமிட்டாய் ஐஸ் ஷார்ட் அடித்தது, கார்சோம்ப் பாதிக்குக் கீழே இறங்கியது. திருப்பி வந்த பாய்சன் ஜாப்பில் பஞ்சுமிட்டாய் காலி என்றுதான் நினைத்தேன். உயிர்ப்புள்ளி ஒன்றோடு நின்றது. நீங்கள் வருத்தப்படக் கூடாது என்று தாங்கிக்கொண்டதாக ஆட்டம் ஒரு வரி சொன்னது. அடுத்த ஐஸ் ஷார்டில் கதை முடிந்தது.

நம்மோடு நட்பு ஏறிய போக்கிமான் சில சமயம் இப்படித் தாங்கும். ஹார்த்ஹோம் ஊரில் உள்ள ஆமிட்டி ஸ்கொயருக்குப் போய் வந்த பிறகு ஒரு போக்கிமானைப் பின்னால் நடக்கவிட்டுக் கூட்டிப்போகலாம். மகள் வாரக்கணக்கில் பஞ்சுமிட்டாயை ஊர் ஊராக நடத்திக்கொண்டிருந்தாள். நேரம் வீணாகிறது என்று நான் திட்டியிருக்கிறேன். அவளுக்கு அது அவள் வெற்றி. எனக்கோ வாய்ப்பாடு சரியாகப் போட்ட பையனுக்கு வாத்தியார் கருணை மதிப்பெண் சேர்த்துக் கொடுத்த மாதிரி இருந்தது. இதையும் நிறுத்தி வைக்க வழி கிடையாது. கணக்குப் போட்டு ஜெயிக்க விரும்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். குழந்தையோடு உட்கார்ந்து ஆட என்றால் தயங்காமல் வாங்கலாம்.

மறுநாள் கடையில் கடைசிப் பக்கத்தைத் திறந்து 66க்கு நேராகக் கோடு போட்டேன். கல்லாவில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வசூலாயிடுச்சா?"