வைட்பேண்ட் வயரிங்: பழைய ஓட்டையா புது ஓட்டையா, அனலாகா கேனா?

எக்ஸாஸ்டில் மிஞ்சும் ஆக்ஸிஜனை வைத்து எரிபொருள் கலவையை அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் என்று பேச்சை எடுத்தாலே ஏஇஎம் பிராண்டு நல்லதா, இன்னோவேட் நல்லதா என்றுதான் விவாதம் போகும். இன்று கடையில் கிடைக்கும் கிட்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது பாஷ் நிறுவனத்தின் எல்எஸ்யூ 4.9 சென்சார்தான். எந்த பிராண்டு என்பதைவிட, சென்சாரை எந்த ஓட்டையில் மாட்டுகிறோம், எர்த்தை எங்கே பிடிக்கிறோம், ரீடிங்கை எந்த வழியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குக் கொண்டுபோகிறோம் என்பவைதான் முக்கியம் என்பது என் கருத்து. வயரிங் தவறினால் விலை உயர்ந்த கிட்டும் தப்பான எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணை நம்பி ஃபியூயல் மேப் (எப்போது எவ்வளவு எரிபொருள் என்ற அட்டவணை) போட்டால் அடி வாங்குவது எஞ்சின்.

முதலில் ஓட்டை. எஸ்டீம், ஜிப்ஸி எம்பிஎஃப்ஐ காலத்து வண்டிகளில் கம்பெனி மாட்டியது நேரோபேண்ட் சென்சார். கலவை லாம்டா 1-ஐ (காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்தில் இருக்கும் நிலை) தாண்டி ரிச்சுக்கோ (எரிபொருள் அதிகம்) லீனுக்கோ (எரிபொருள் குறைவு) போகும்போது அதன் வோல்டேஜ் 0.45 வோல்ட் அருகே சட்டென்று மேலேயோ கீழேயோ குதிக்கும். எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதனால் வைட்பேண்ட் வாங்குகிறோம். வாங்கிய பிறகு இரண்டு வழி. பழைய சென்சாரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வைட்பேண்டை முறுக்கி, வைட்பேண்ட் கிட்டின் கன்ட்ரோலர் தரும் போலி நேரோபேண்ட் சிக்னலை ஈசியூவுக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் பழையதை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, பைப்பில் தனியாக ஒரு எம்18×1.5 பங் (சென்சாரை முறுக்குவதற்கான மரை வளையம்) வெல்டிங் வைக்கலாம்.

முதல் வழியில் வெல்டிங் செலவு இல்லை, அரை நாளில் வேலை முடிந்துவிடும். இன்னோவேட் எல்சி-2-வின் பிரவுன் ஒயர் இதற்கென்றே இருக்கிறது. ஏஎஃப்ஆர் (காற்று-எரிபொருள் விகிதம்) 14-ல் 1.1 வோல்ட், 15-ல் 0.1 வோல்ட். கணக்குப் போட்டால் 0.45 வோல்ட் வருவது 14.65-ல். பெட்ரோலின் சரியான விகிதமான 14.7-க்கு மிக அருகில், ஆகவே ஈசியூவும் பெரிதாக வித்தியாசம் உணராது. ஆனால் பழைய நான்கு ஒயர் சென்சாரில் இரண்டு ஒயர் ஹீட்டருக்கு. சென்சாரைக் கழற்றியதும், ஹீட்டர் சர்க்யூட்டைக் கவனிக்கும் ஈசியூவாக இருந்தால் பி0135 என்ற பிழைக் குறியீடு வந்து செக் எஞ்சின் விளக்கு எரியும். அதை அணைக்க ரெசிஸ்டர் வைப்பது, அது சூடாவது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவேலை தொடரும். எனக்கு இதைவிடப் பெரிய தயக்கம் வேறு: நடுவழியில் வைட்பேண்ட் செத்தால் சென்சாரைப் பார்த்து ஈசியூ எரிபொருளைத் திருத்தும் குளோஸ்டு லூப்பும் அதோடு போய்விடும். அளந்து பார்க்க வாங்கிய கருவியை, வண்டி ஓடுவதற்கே அவசியமான பாகமாக மாற்றக் கூடாது.

அதனால் கம்பெனியின் ஸ்டாக் ஈசியூ இருக்கும் வண்டியில் என் ஓட்டு இரண்டாவது ஓட்டைக்குத்தான். கம்பெனி சென்சார் தன் வேலையைப் பார்க்கட்டும், வைட்பேண்ட் நமக்குக் கண்ணாக இருக்கட்டும். இன்னொன்று: புதிய கார்கள் பலவற்றில் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதே வைட்பேண்ட்தான். கனெக்டரில் ஐந்து அல்லது ஆறு ஒயர் இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். அந்த ஈசியூவுக்குப் போலி நேரோபேண்ட் சிக்னல் எதற்கும் உதவாது.

பங் வைக்கும்போது டர்போ இருந்தால் டர்போவுக்குப் பின்னால், எப்படியும் கன்வெர்ட்டருக்கு முன்னால். சென்சார் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேலே சாய்ந்திருக்க வேண்டும். காலையில் குளிர்ந்த பைப்பில் தேங்கும் தண்ணீர் சூடான செராமிக்கில் பட்டால் விரிசல்தான்.

அடுத்தது அனலாக் (வோல்டேஜாகப் போகும் சிக்னல்), கேன் (டிஜிட்டல் செய்தியாக அனுப்பும் இரண்டு ஒயர் லைன்) போட்டி. அளந்த எண் ஈசியூவுக்குப் போகும் வழியில் கெடுவது இங்கேதான்.

அனலாக் என்றால் 0–5 வோல்ட் ஒயர் ஒன்று. ஏஇஎம் எக்ஸ்-சீரிஸில் 0.5 வோல்ட் என்றால் ஏஎஃப்ஆர் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18. எல்சி-2-வின் மஞ்சள் ஒயரில் 0 வோல்ட் 7.35, 5 வோல்ட் 22.39. டியூனர்ஸ்டுடியோ என்ற டியூனிங் மென்பொருளில் இந்த இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் வோல்ட் என்பது எதிலிருந்து எது வரை? கன்ட்ரோலர் அந்த வோல்டேஜை உண்டாக்குவது தன் எர்த்தை வைத்து, ஈசியூ அதை அளப்பது தன் எர்த்தை வைத்து. இரண்டு எர்த்தும் ஒரே அளவில் இல்லையென்றால் அந்த வித்தியாசம் அப்படியே ரீடிங்கில் ஏறிவிடும்.

வைட்பேண்ட் ஹீட்டர் சூடேறும்போது 2 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் துரு ஏறிய ஏதோ ஒரு போல்ட்டில் எர்த் பிடித்திருக்கிறோம், அங்கே 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 2 ஆம்பியருக்கு 0.1 வோல்ட். எல்சி-2-வில் ஒரு வோல்ட்டுக்கு 3 ஏஎஃப்ஆர், ஆக 0.3 பிழை. டயலில் 12.5 காட்டும், லாக்கில் 12.8 பதிவாகும். மேப்பைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் அதை லீன் என்று நினைத்து எரிபொருளைக் கூட்டும். மென்பொருளில் 0.3-ஐக் கழித்துவிட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அது தீர்வாகாது. ஐடிலில் எக்ஸாஸ்ட் குளிர்ச்சி, ஹீட்டர் அதிகம் இழுக்கும். முழு லோடில் எக்ஸாஸ்டே சூடு, ஹீட்டர் குறைவாக இழுக்கும். பிழையும் அதோடு சேர்ந்து ஆடும்.

கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ரேடியேட்டர் ஃபேனையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை ஈசியூவின் சென்சார் எர்த்தில், சிவப்பு முனை கன்ட்ரோலரின் எர்த் ஒயரில். சில மில்லிவோல்ட் என்றால் கவலை இல்லை. 50-ஐத் தாண்டினால் எர்த்தை மாற்றுங்கள். ஈசியூவின் பவர் எர்த் எஞ்சினில் எந்த போல்ட்டில் இருக்கிறதோ அதே இடத்துக்குக் கன்ட்ரோலர் எர்த்தையும் கொண்டுபோவதுதான் சரி. இதற்காக ஹீட்டர் எர்த்தை ஈசியூவின் சென்சார் எர்த்தில் இணைத்துவிடாதீர்கள். அந்த மெல்லிய ஒயரில் ஹீட்டர் கரண்ட் ஓடினால் டிபிஎஸ் (த்ராட்டில் நிலை), கூலன்ட், மேப் (இன்டேக் அழுத்தம்) சென்சார் எல்லாமே சேர்ந்து பொய் சொல்லும். எக்ஸ்-சீரிஸில் அனலாக் சிக்னலுக்குத் தனி நெகட்டிவ் ஒயர் இருக்கிறது. சென்சார் எர்த்துக்குப் போக வேண்டியது அது மட்டும்தான். அனலாகில் எனக்கு எக்ஸ்-சீரிஸ் பிடிக்க இந்த ஒரு ஒயர்தான் காரணம்.

கேனில் இந்தத் தொல்லையே கிடையாது. லாம்டா எண்ணாகவே போகிறது, எர்த் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மதிப்பு மாறாது. எக்ஸ்-சீரிஸ் நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் அனுப்புகிறது. ஈசியூவிலும் அதே வேகம் இருக்க வேண்டும். இரண்டு ஒயரையும் முறுக்கிக் கொண்டுபோங்கள். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் ஹை, கேன் லோவுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. கம்பெனி ஈசியூவுக்குப் பதிலாக நீங்கள் மாட்டிய ஸ்டாண்டலோன் ஈசியூ இந்த கேன் செய்தியைப் புரிந்துகொள்ளும் என்றால் யோசிக்காமல் கேனுக்குப் போங்கள். ஆர்டுயினோ மெகாவில் ஓடும் ஸ்பீடுயினோ மாதிரி அனலாக் இன்புட்டை நம்பியிருக்கும் செட்டப் என்றால், மேலே சொன்ன எர்த் வேலையை ஒழுங்காகச் செய்தால் அனலாகும் நன்றாகவே ஓடும்.

பழைய எல்எஸ்யூ 4.2 மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது வெளிக்காற்றை ஒப்பீட்டுக்கு நம்பியிருக்கும் சென்சார். ஆயில் புகையும் அழுக்கும் சேர்ந்த காற்று உள்ளே போனால் ரீடிங் நகரும், அவ்வப்போது வெளியே எடுத்து சுத்தமான காற்றில் காலிப்ரேட் செய்ய வேண்டியிருக்கும். 4.9-க்கு வெளிக்காற்று தேவையில்லை, ஒப்பீட்டுக்கான ஆக்ஸிஜனைத் தானே பம்ப் செய்துகொள்ளும். புதிதாக வாங்குபவருக்கு 4.9 தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. ஆனால் 4.2-க்காகச் செய்த கன்ட்ரோலரில் 4.9-ஐ மாட்டி ஓட்ட முடியாது. இரண்டிலுமே கனெக்டருக்குள் அந்தந்த சென்சாருக்கென்று அளந்து வைத்த டிரிம் ரெசிஸ்டர் இருக்கிறது. கேபிள் நீளமாக இருக்கிறதே என்று கனெக்டரை வெட்டி எறிந்தால் அந்த அளவும் போய்விடும்.

பவருக்கு இக்னிஷன் ஆனில் மட்டும் வரும் லைன், தனி ஃபியூஸ், முடிந்தால் ரிலே. ஃபியூயல் பம்ப் ஒயரிலும் இக்னிஷன் காயில் ஒயரிலும் ஒட்டு போட வேண்டாம்.

காட்சிக்கு ஏஎஃப்ஆரா லாம்டாவா என்றால் நான் லாம்டா பக்கம். இப்போது இந்திய பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 வருகிறது, அதன் சரியான கலவை ஏறத்தாழ 13.5. ஆனால் பெட்ரோல் ஸ்கேலில் இருக்கும் டயல் லாம்டா 1-க்கு அப்போதும் 14.7 என்றுதான் காட்டும், ஏனென்றால் சென்சார் அளப்பது லாம்டாவைத்தான். அதை எத்தனால் கணக்கோடு குழப்பிக்கொண்டு டயலில் 13.5 வரும்வரை எரிபொருளைக் கூட்டினால், கலவை லாம்டா 0.92-க்கு வந்து நிற்கும்.

டியூனிங் முடிந்ததும் சென்சாரை அங்கேயே விடலாமா, கழற்றிவிடலாமா? பவர் கொடுத்து வைத்திருக்கும்வரை விடலாம். கன்ட்ரோலரை மட்டும் கழற்றிவிட்டு, ஹீட்டர் இல்லாத சென்சாரைப் பைப்பில் வைத்து ஓட்டினால் கரி படிந்து சீக்கிரமே கெட்டுவிடும். கழற்றுவதானால் சென்சாரையும் சேர்த்துக் கழற்றி, பங்கில் எம்18 பிளக்கை முறுக்கிவிடுங்கள். பிளக்கின் மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் தடவினால் அடுத்த முறை திறக்கும்போது பங்கோடு பிய்ந்து வராது.