ஜாக்சன் ஃப்ரீஸ்டைல்: பாதத்துக்குப் பொருந்தும் சறுக்குச் சப்பாத்தும் அதன் பிளேட்டும்

பனித்தளத்தில் சறுக்கியும் சுழன்றும் தாவியும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பயிலும் பிள்ளைக்கு முதன்முதலாகத் தரமான சப்பாத்து வாங்கச் செல்லும் பெற்றோர் பலரும் எந்த நிறுவனத்தின் சப்பாத்து சிறந்தது என்றே கேட்கிறார்கள். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டியது, பிள்ளையின் குதிக்கால் எவ்வளவு ஒடுக்கமானது, முன்பாதம் எவ்வளவு அகலமானது, அந்தப் பிள்ளை இன்றைக்குப் பனியில் என்ன செய்கிறது என்பவைதாம். இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில், தொடக்கநிலைக்கான கான்ஸ்கேட் வகுப்புகளின் 6 படிகளையும் முடித்து, அடுத்த கட்டமான ஸ்டார்ஸ்கேட் பயிற்சிக்குள் நுழைந்திருக்கும் என் மகள் அணிவது ஜாக்சன் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் என்ற வகை. அதைத் தெரிவுசெய்ததையும், அதன் அடியில் பனியில் வழுக்கும் உருக்குத் தகடான பிளேட்டைப் பொருத்தியதையும், அது நாள்தோறும் உழைக்கும் விதத்தையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

ஜாக்சன் அல்டிமா ஒன்ராறியோ மாகாணத்தின் வாட்டர்லூ நகரைச் சேர்ந்த நிறுவனம். ஒஷாவாவில் பிறந்து, 1962இல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் மூன்று சுற்றுகள் கொண்ட டிரிபிள் லட்ஸ் தாவலை முதன்முதலாக நிகழ்த்தி உலகப் பட்டம் வென்ற டொனால்ட் ஜாக்சனின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள பனி அரங்குகளில் இந்தச் சப்பாத்து நிறையக் காணப்படுவதற்கு, அளவு மாற்றிப் பெறுவது இங்கே எளிது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அரங்கில் பலர் அணிகிறார்கள் என்பதற்காக அது எல்லாப் பாதங்களுக்கும் பொருந்திவிடாது.

அளவெடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் துன்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. தெருவில் அணியும் சப்பாத்தின் எண்ணை வைத்துக்கொண்டு சறுக்குச் சப்பாத்து வாங்கக் கூடாது. ஜாக்சனின் எண் வரிசை பெரும்பாலும் அதிலிருந்து வேறுபடும், இத்தாலிய நிறுவனமான எடெயாவோ நேரடியாக மில்லிமீற்றரில் அளவு சொல்கிறது. பிள்ளையை நிற்கவைத்து, உடலின் எடை முழுவதும் பாதத்தில் இறங்கியிருக்கும்போது, இரண்டு பாதங்களின் நீளத்தையும் பெருவிரலின் அடிமூட்டுப் பகுதியின் அகலத்தையும் தனித்தனியே எடுக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் எடுத்த அளவு குறைவாகவே வரும். மாலையில் பாதம் சிறிது பருத்திருக்கும் என்பதால் அந்த நேரத்தில் கடைக்குப் போவது நல்லது. பனியில் எந்த மெல்லிய காலுறையை அணியப்போகிறாளோ அதையே அணிந்துகொண்டு போக வேண்டும். குளிருக்கென்று தடித்த கம்பளிக் காலுறை போடுவது பாதத்துக்கும் சப்பாத்துக்கும் இடையே வழுக்கும் ஒரு படலத்தை உண்டாக்குவதோடு, இரத்த ஓட்டத்தை இறுக்கிக் காலை மேலும் குளிரச் செய்யும்.

சப்பாத்தை மாட்டும்போது லேஸை நன்றாகத் தளர்த்திப் பாதத்தை நுழைத்து, குதிக்காலைத் தரையில் மெதுவாகத் தட்டிப் பின்னோக்கித் தள்ளியபின்தான் கட்டத் தொடங்க வேண்டும். நேராக நிற்கும்போது விரல் நுனிகள் முன்புறத்தை இலேசாகத் தொடலாம். முழங்காலை மடக்கியதும் அவை சற்றுப் பின்வாங்கி விடுபட வேண்டும். விரல்கள் மடங்கினால் சப்பாத்து சிறியது. விரல்களை முன்னும் பின்னும் நகர்த்த இடம் இருந்தால் பெரியது. இவை எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை குதிக்காலில் இருக்கிறது: லேஸைக் கட்டிய நிலையில் பிள்ளை முழங்காலை மடக்கி நுனிக்காலில் எழும்போது குதிக்கால் உள்ளே மேலெழும்பினால், விரல்பகுதி எவ்வளவு வசதியாக இருந்தாலும் அந்தச் சப்பாத்து அந்தக் காலுக்கு உரியதன்று. குதிக்கால் அசையும் சப்பாத்தில் பிளேட்டின் விளிம்பு பனியைப் பிடிக்காது, தாவலில் இருந்து இறங்கும்போது கணுக்கால் எங்கே நிற்கும் என்று பிள்ளைக்கே தெரியாது, கொப்புளமும் வரும்.

நம் வீடுகளில் அம்மம்மாவோ அத்தையோ "வளருற பிள்ளைதானே, ஒரு அளவு பெரிசா எடுங்கோ" என்று சொல்வது வழக்கம். பள்ளிச் சப்பாத்துக்கு அது நல்ல யோசனைதான். சறுக்குச் சப்பாத்தில் வளர்ச்சிக்கென்று சில மில்லிமீற்றர் இடம் விடலாமே தவிர, ஒரு முழு அளவு பெரிதாக வாங்குவது பிள்ளையின் ஒரு பருவப் பயிற்சியை வீணாக்கும் செயல். காசைச் சேமிக்க வேண்டுமானால், பொருந்துகின்ற பழைய சப்பாத்தை, கணுக்காலருகே ஆழமான மடிப்புகள் விழாதிருப்பதைப் பார்த்து வாங்குவது இதைவிட எவ்வளவோ மேலானது.

எங்கள் தெரிவுக்கு வருகிறேன். கடையில் மூன்று வகைகளை மாட்டிப் பார்த்தோம்: ஜாக்சன் ஃப்ரீஸ்டைல், எடெயா ஓவர்ச்சர், மினசோட்டாவின் ரெட் விங் நகரைச் சேர்ந்த ரிடெல் நிறுவனத்தின் இடைநிலை வகை ஒன்று. எடெயா கையில் எடுத்ததுமே எடைக்குறைவு தெரிந்தது. அதன் வடிவமைப்பும் அழகானது. ஆனால் என் மகளின் முன்பாதம் அகலமானது, குதிக்கால் ஒடுக்கமானது. எடெயாவில் சிறுவிரல் பக்கம் நெருக்கியது. ரிடெலில் முன்புறம் வசதியாக இருந்தும் குதிக்கால் எழும்பியது. ஃப்ரீஸ்டைலில்தான் முன்புறம் விரிந்தும் பின்புறம் பிடித்தும் இருந்தது. இவ்வாறான பாதத்துக்கு ஜாக்சன் பொருந்தும் என்று பயிற்றுநர்கள் பொதுவாகச் சொல்வது எங்கள் விஷயத்தில் உண்மையாயிற்று. வேறொரு பிள்ளையின் காலுக்கு இந்த முடிவு அப்படியே தலைகீழாகலாம். ஆகவே எங்கள் தெரிவைப் பின்பற்றாமல் எங்கள் சோதனையைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கிய அன்றே கடைக்காரர் சப்பாத்தைச் சிறிய சூடேற்றியில் வைத்து இளக்கி, மகளின் காலில் மாட்டி, லேஸ் கட்டி, ஆறும்வரை உட்காரவைத்தார். ஃப்ரீஸ்டைல் இவ்வாறு சூட்டில் வடிவம் கொள்ளக்கூடியது. கணுக்கால் எலும்பு அழுத்திய இடத்தில் சப்பாத்து சற்றுக் குழிந்து கொடுத்ததால், புதிய சப்பாத்துக்கு வழக்கமான முதல் வாரங்களின் வலி பெருமளவு குறைந்தது. ஆயினும் அளவு தவறிய சப்பாத்தைச் சூடேற்றல் திருத்தாது. குதிக்காலில் இடைவெளி இருந்தால் அது இடைவெளியாகவே இருக்கும்.

அடுத்தது விறைப்பு. ஜாக்சன் வரிசையில் ஆர்டிஸ்ட் தொடக்கநிலையினருக்குரிய மென்மையான வகை; அதற்கு மேலே ஃப்ரீஸ்டைல், பின்னர் டெபியூ, பிரிமியர், எலைட் என்று விறைப்பு ஏறிக்கொண்டே போகிறது. அரைச் சுற்றுத் தாவலான வால்ட்ஸ் ஜம்ப்பையும், சால்கோ, டோ லூப் போன்ற ஒற்றைச் சுற்றுத் தாவல்களையும் கற்று, ஒன்றரைச் சுற்றுக் கொண்ட ஆக்ஸலை நோக்கிப் போகும் பிள்ளைக்கு ஃப்ரீஸ்டைலின் விறைப்பு போதுமானது. எதிர்காலத்தில் இரட்டைச் சுற்று வரும் என்று எண்ணி இன்றே எலைட் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது. எடை குறைந்த ஒரு சிறுமியால் அவ்வளவு விறைத்த சப்பாத்தை மடக்க முடியாது. கணுக்கால் மடியாவிட்டால் முழங்காலும் சரியாக மடியாது, இறங்கும் அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் போகிறது. பிள்ளையின் எடையையும் வாரத்துக்கு எவ்வளவு நேரம் பனியில் நிற்கிறாள் என்பதையும் அவள் இப்போது செய்யும் தாவல்களையும் வைத்தே விறைப்பைத் தீர்மானிக்க வேண்டும். லேஸ் கட்டும் முறையும் இதனோடு சேர்ந்தது: விரல்பகுதியில் தளர்வாக, பாதம் கணுக்காலோடு மடியும் இடத்தில் இறுக்கமாக, மேற்கொக்கிகளில் மீண்டும் சற்றுத் தளர்வாகக் கட்டினால்தான் காலால் முன்னோக்கி மடங்க முடியும்.

பிளேட் விஷயத்தில் ஃப்ரீஸ்டைலுக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். அதனோடு சேர்த்தே விற்கப்படும் அஸ்பயர் எக்ஸ்பி பிளேட் இந்த நிலைக்கு ஏற்றது. தனியாக வேறொன்று வாங்கத் தேவையில்லை. ஃபிகர் பிளேட் முன்னிருந்து பின்னாக ஒரு பெரிய வட்டத்தின் சிறு வில்போல் வளைந்திருக்கும்; இதை ராக்கர் என்பார்கள், பெரும்பாலும் 7 அடி அல்லது 8 அடி ஆரம். 7 அடி ராக்கர் வளைவில் விரைந்து திரும்பும், 8 அடி ராக்கர் பனியில் கூடுதல் நீளம் தொட்டு நிலையாக ஓடும். பிளேட்டின் முன்நுனியில் வெட்டப்பட்டிருக்கும் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் ராக்கர் கூடுதலாக வளையும் சிறுபகுதியில்தான் சுழற்சி நிகழ்கிறது. குறுக்கே பார்த்தால் அடிப்பக்கம் குழிந்து இரண்டு விளிம்புகள் தெரியும். அந்தக் குழிவின் ஆரம் பொதுவாக அரை அங்குலம். ஆரம் குறையக் குறையக் குழி ஆழமாகி, விளிம்பு பனியைக் கூடுதலாகக் கடிக்கும். கூடக்கூட வழுக்கு அதிகரிக்கும், அதனால்தான் ஐஸ் டான்ஸ் ஆடுவோர் ஆழம் குறைந்த குழியை நாடுகிறார்கள்.

இந்த நிலையைக் கடந்தபின் பிளேட்டைத் தனியே வாங்குவோர் 1696இல் தொடங்கிய ஷெஃபீல்ட் நிறுவனமான ஜான் வில்சனின் கொரோனேஷன் ஏஸ், பேட்டர்ன் 99 ஆகியவற்றையும், அதே நகரின் எம்.கே. வகையான புரொஃபெஷனலையும் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறார்கள். கொரோனேஷன் ஏஸும் புரொஃபெஷனலும் 7 அடி ராக்கர், பேட்டர்ன் 99 8 அடி ராக்கர். ஒரு ராக்கரில் பழகிய பிள்ளையை மற்றொன்றுக்கு மாற்றும்போது சுழற்சிகள் சில காலம் தடுமாறும். போட்டிக்கோ தேர்வுக்கோ சற்று முன்பாக அதைச் செய்யக் கூடாது.

பிளேட்டின் விலையை விட அதைப் பொருத்துபவரின் கை முக்கியமானது என்பதே என் உறுதியான கருத்து. நல்ல கடைக்காரர் முதலில் நீள்வட்டத் துளைகளில் மட்டும் திருகாணிகளை இட்டு அனுப்புவார். பிள்ளை இரண்டு கால்களிலும், பின்பு ஒவ்வொரு காலிலுமாக நேராக வழுக்கிப் பார்க்க வேண்டும். கால் தானாகவே உட்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்து வளைந்து ஓடினால், பிளேட்டை ஓரிரு மில்லிமீற்றர் நகர்த்திச் சீர்செய்தபின்தான் நிலையான திருகாணிகளைப் போட வேண்டும். என் மகளின் இடது பிளேட்டை அவர் இவ்வாறு உட்புறமாகச் சற்று நகர்த்தினார். அதுவரை ஒற்றைக் காலில் வழுக்கும்போது உள்விளிம்பில் விழுந்துகொண்டிருந்தவள் அதன்பின் நேராக ஓடினாள். பெட்டியில் வந்தபடியே எல்லாத் திருகாணிகளையும் முடுக்கிக் கொடுக்கும் கடைகளில், இந்தக் குறை பிள்ளையின் திறமைக்குறைவாகவே கணக்கிடப்பட்டுவிடும்.

தீட்டுதலும் அவ்வாறுதான். சுமார் 20 மணி நேரப் பயிற்சிக்கு ஒருமுறை தீட்டுவது பொதுவான வழக்கம். அதிகமாக ஹாக்கி ஸ்கேட்டுகளைத் தீட்டும் ஒரு கடையில் ஒருமுறை கொடுத்ததில், முன்பற்களுள் கடைசியில் இருக்கும் பெரிய பல்லைச் சிறிது அராவி, ராக்கரின் முன்பகுதியையும் தட்டையாக்கிவிட்டார்கள். சுழற்சியின் மையம் எங்கே என்று தேட மகளுக்குப் பல வகுப்புகள் பிடித்தன. தீட்டி வந்ததும், ஒரு நேரான தகட்டை இரண்டு விளிம்புகளின் மீதும் குறுக்கே வைத்துப் பாருங்கள். அது சாய்ந்து நின்றால் ஒரு விளிம்பு மற்றதை விட உயரம், அந்தக் கடைக்கு மறுமுறை போகத் தேவையில்லை. ஃபிகர் பிளேட்டுகளையே பிரதானமாகத் தீட்டுபவர் ஒருவரைப் பயிற்றுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அவர் தொலைவில் இருந்தாலும் போய்வருவது தகும்.

ஃப்ரீஸ்டைலில் எனக்குள்ள குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எடெயாவோடு ஒப்பிட்டால் எடை கூடுதல், தாவலைத் தொடங்கும்போது அது சிறிது தெரியும். வாரத்தில் பல நாள் பயிற்சி செய்யும் பிள்ளைக்குக் கணுக்கால் மடிப்பில் பிடிமானம் தளர்வது ஒரு பருவத்துக்குள்ளேயே தொடங்கலாம். பிளேட் துருப்பிடிக்கும் உருக்கால் ஆனது. ஒவ்வொரு முறையும் பனியிலிருந்து வந்ததும் திருகாணிகளின் அடிப்பகுதி வரை துணியால் துடைத்து, துணி உறை போட்டு வைக்க வேண்டும், கடினமான பிளாஸ்டிக் உறையை நடப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரட்டைத் தாவல்கள் நிலைபெறும் கட்டத்தில் இதைத் தொடர்ந்து அணியக் கூடாது. சப்பாத்து மடிந்த இடத்தில் கை வைத்து அழுத்தினால் அது எதிர்க்காமல் வளைந்துகொடுக்கும் நாளில், பாதம் இன்னும் பொருந்தினாலும், மீண்டும் இரண்டு பாதங்களையும் நின்ற நிலையில் அளந்துகொண்டு டெபியூவுக்கோ அதற்கு இணையான வேறொன்றுக்கோ போகலாம்.