அஸம்ப்ஷனுக்குத் தமிழில் எது பொருந்தும்: அனுமானமா, ஊகமா, கருதுகோளா, எடுகோளா?

வீடு கட்டுவதற்கான மதிப்பீட்டுத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தில் ‘அஸம்ப்ஷன்ஸ்’ என்ற தலைப்பில் சில வரிகள். யோசிக்காமல் ‘அனுமானங்கள்’ என்று போட்டுவிட்டேன். அதன்கீழ் முதல் வரி: 5 அடி ஆழத்தில் கெட்டி மண் கிடைக்கும். இன்ஜினியர் மண்ணைச் சோதித்துப் பார்த்துத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நண்பரின் அப்பா எடுத்துக்கொண்டார். அஸ்திவாரம் தோண்டினால் 8 அடி போயும் களிமண்தான். கூடுதல் செலவு யார் தலையில் என்று பெரிய வாக்குவாதம். அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் லேசாக விடுவதில்லை.

ஆங்கிலத்தில் அஸம்ப்ஷன் என்றால், ஆதாரம் காட்டாமலே ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொண்டு மேலே போவது. ‘தன்னிடம் எடுத்துக்கொள்’ என்ற லத்தீன் வினைதான் அதன் வேர். மரியாளின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அங்கே கடவுள் அவரை விண்ணுக்கு எடுத்துக்கொள்கிறார். ‘எடுத்தல்’ என்ற இந்தப் பொருளை மறக்காமல் வைத்துக்கொண்டால் தமிழில் தேர்வு எளிதாகிவிடும்.

அனுமானம் நம் தர்க்க மரபில் கனமான சொல். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் பார்த்திருக்கிறோமே. மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித் தரும்போது எடுத்துக்காட்டுவது இதே மலையையும் அடுக்களையையும்தான். அதாவது, அனுமானத்துக்கு ஒரு புகை வேண்டும். கண்ட ஒன்றிலிருந்து காணாத ஒன்றுக்குப் போகும் முடிவு அது. அஸம்ப்ஷனில் புகையே கிடையாது. நண்பரின் அப்பா சொல்லை அதன் பழைய, நேர்மையான பொருளில் படித்திருக்கிறார். தவறு என் மொழிபெயர்ப்பில்தான். செய்திகளில் இன்று அனுமானம் வெறும் கணிப்பு என்ற அளவுக்கு இளகிவிட்டது உண்மைதான். ஆனாலும் ஒப்பந்தத் தாளில் அதை நம்பக் கூடாது.

ஊகம் இன்னும் தூரம். அது மனசுக்குத் தோன்றியது. விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பில் வாங்கி விற்பதை ஊக வணிகம் என்கிறோம், அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. மதிப்பீட்டுத் தாளில் ‘ஊகங்கள்’ என்று எழுதினால் எழுதியவர் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

கருதுகோள்தான் உண்மையான போட்டி. ஹைபோதெசிஸ் என்பதற்கு அது நிலைபெற்றுவிட்டது, அங்கேயே இருக்கட்டும். கருதுகோளை முன்வைப்பவர் அதைச் சோதிக்கப் போகிறார். எடுகோளோடு தொடங்குபவர் இப்போதைக்குச் சோதிக்கப் போவதில்லை. ஜெர்மன் கணித மேதை ரீமன் 1859-இல் சொன்ன ஒரு கூற்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை; அதை நிரூபிக்க முயலும் கணிதவியலாளருக்கு அது கருதுகோள். அது சரி என்றே வைத்துக்கொண்டு அதன்மேல் வேறு தேற்றங்களைக் கட்டுபவர்களும் ஏராளம். அவர்கள் கையில் அதே வாக்கியம் எடுகோளாகிவிடுகிறது. மாறியது அதை வைத்து ஒருவர் செய்யும் வேலை மட்டும்தான்.

எடுகோள் என் தேர்வு. எடு, கொள் இரண்டும் அதில் அப்படியே இருக்கின்றன. இலங்கையில் பொருளியல் படித்தவர்களுக்கு இது அன்றாடச் சொல். விலை ஏறினால் தேவை குறையும் என்ற விதி, வருமானம், ரசனை போன்ற மற்றவை மாறாமல் இருக்கின்றன என்ற எடுகோளின் மேல்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் பலருக்கு இது பாடப்புத்தக வாசனை அடிக்கலாம். ஆனால் பேச்சில் நாம் சொல்வதென்ன? “வருவீங்கன்னு எடுத்துக்கிட்டேன்.” கணக்கு வகுப்பில், “இரண்டின் வர்க்கமூலம் ஒரு விகிதமுறு எண் என்க” என்று தொடங்கி, கடைசியில் அதை முரண்பாட்டில் கொண்டுபோய் நிறுத்துவோமே, அந்த ‘என்க’வும் இதே வேலையைத்தான் செய்கிறது.

நீதிமன்றத்துக்குப் போனால் விஷயம் வேறு. அங்கே வரும் சொல் பிரிஸம்ப்ஷன். 7 ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி, வழக்கமாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எதுவும் தெரியவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. நிரூபிக்கும் சுமையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும் இந்த ஏற்பாட்டை எடுகோள் என்றால் போதாது. ‘மாறாக நிரூபிக்கும்வரை உண்மையெனக் கொள்ளல்’ என்று நீட்டி எழுதுவதே நல்லது.

நண்பரின் தம்பி இப்போது வீடு கட்டுகிறார். அவருடைய தாளையும் நான்தான் தமிழில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “எடுகோள் 1: 5 அடி ஆழத்தில் கெட்டி மண் கிடைக்கும். மண் பரிசோதனை செய்யப்படவில்லை.”