பேஸ்பால் மட்டைக்கு மேப்பிளா, ஆஷா, பிர்ச்சா?

மர மட்டை வாங்கும்போது எந்த மரம் என்று கேட்பதற்கு முன், கைப்பிடியில் ஓடும் மர இழையைப் பாருங்கள். அது கைப்பிடியின் நுனியில் உள்ள குமிழிலிருந்து மேல்நோக்கி நேராக ஓட வேண்டும். சாய்ந்து ஓடினால், எவ்வளவு உசத்தியான மரமும் அந்தச் சாய்வு வழியே பிளக்கும்.

இதில் அதிகம் ஏமாற்றுவது மேப்பிள். அதன் இழை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் கைப்பிடியில் ஒரு மைப்புள்ளி வைக்கிறார்கள். மை இழை வழியே கசிந்து ஓடும். அந்தக் கோடு மட்டையின் நீளவாட்டிலிருந்து 3 டிகிரிக்குமேல் விலகினால் அமெரிக்கப் பெரிய லீக்கில் அந்த மட்டையை ஏற்க மாட்டார்கள். புள்ளி இல்லாத மேப்பிளை வாங்கவே வேண்டாம். சாய்ந்த இழை உள்ள மேப்பிள் விரிசல் விட்டு நிற்காது, கூரான துண்டுகளாகப் பறக்கும். ஆபத்து.

நல்ல மேப்பிளின் அடி தனிதான். மரத்தின் கடினத்தை அளக்கும் ஜான்கா அளவில் சுகர் மேப்பிள் 1,450, வெள்ளை ஆஷ் 1,320, மஞ்சள் பிர்ச் 1,260. மேப்பிளின் பரப்பு உரியாது. 2001 பருவத்தில் அமெரிக்க வீரர் பேரி பாண்ட்ஸ் 73 ஹோம் ரன் அடித்ததும் மேப்பிள் மட்டையால்தான். ஆனால் எடை கூடும். 33 அங்குல மேப்பிள் 28 அவுன்ஸில் கிடைத்தால் மகிழ வேண்டாம். அடர்த்தி குறைந்த கட்டையில் கடைந்ததாக இருக்கும், சீக்கிரம் உடையும்.

ஆஷ் வளைந்து கொடுக்கும். கைப்பிடிப் பக்கம் பந்து பட்டாலும் மேப்பிள் அளவுக்குக் கையை உலுக்காது. குறை ஒன்று: ஆண்டு வளையங்களுக்கு இடையே உள்ள துளை நிறைந்த அடுக்கு நசுங்கி, அடிக்கும் பகுதி செதில் செதிலாக உரியும். ஆஷில் வளையக் கோடுகள் நெருக்கமாகத் தெரியும் பக்கத்தில் பந்து பட வேண்டும். மேப்பிளிலும் பிர்ச்சிலும் அகன்ற வளைவுகள் தெரியும் பக்கத்தில். தயாரிப்பவர்கள் அதற்கேற்பவே முத்திரையை வைக்கிறார்கள், ஆகவே பந்தை அடிக்கும்போது முத்திரை வானத்தைப் பார்க்கட்டும். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்துவிட்டதால் நல்ல ஆஷ் கட்டை அரிதாகிவிட்டது. வருத்தமான இழப்பு.

உலோக மட்டையிலிருந்து மாறுபவருக்கு என் தேர்வு பிர்ச். ஆஷ் போலக் கொஞ்சம் வளையும், அடுக்காக உரியாது. முதலில் சற்று மென்மையாகத் தெரியும். பந்து பட்டுப் பட்டு அடிக்கும் பரப்பு இறுகும். இதற்கும் மைப்புள்ளி பாருங்கள்.

ஹிக்கரி மரம் எளிதில் முறியாது, ஆனால் இன்றைய வேகப் பந்துக்குச் சுழற்ற முடியாத கனம்.